வரியில் இல்லாத வரி

பக்கத்து வீட்டு அக்கா போன சனிக்கிழமை சாயங்காலம் மூன்று காகிதங்களோடு என் வீட்டு முன்வாசலில் வந்து உட்கார்ந்தார். தோட்டத்து ஆபீசில் பல வருடம் கிராணியாக இருந்தவன் நான். மலேசியாவில், சுங்கை சிப்புட்டில் எங்கள் வரிசை வீடுகளில் யாருக்கு எந்தக் காகிதம் புரியவில்லை என்றாலும் அது கடைசியில் என் மேசைக்குத்தான் வரும். பென்சன் இல்லாத உத்தியோகம் இது.

முதல் காகிதம், கடைத்தெருவில் அவர் கண்ணாடிக்கு ஆர்டர் கொடுத்த பில். ஃபிரேம் 180 வெள்ளி, அதாவது ரிங்கிட். தூரம், கிட்டம் இரண்டுக்கும் சேர்த்த புரோகிரசிவ் லென்ஸ் 320 வெள்ளி. தள்ளுபடி 50. மொத்தம் 450. முன்பணம் 200 கட்டியாயிற்று, மீதி 250. அவ்வளவுதான்.

"ஏன் தம்பி, இதுல வரியே இல்லையே? கடைக்காரன் மறந்துட்டானா? அப்புறமா வியாழக்கிழமை எடுக்கப் போறப்ப கேப்பானா?"

இரண்டாவது காகிதம், பாயான் லெப்பாசில் வேலை செய்யும் அவர் மகன் புதிதாக எடுத்த மெடிக்கல் கார்டின், அதாவது மருத்துவக் காப்புறுதியின், விளக்கத் தாள். அதில் 'கோ-பேமென்ட் 5%' என்று இருந்தது. மூன்றாவது, அமெரிக்காவில் ஹூஸ்டனில் இருக்கும் அவருடைய தங்கை மகன் வாட்சப்பில் அனுப்பிய பில். அதில் கோ-பேமென்ட் 25 டாலர், வரி 6 டாலர் 60 காசு. மூன்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பார்த்தால் யாருக்கும் தலை சுற்றத்தான் செய்யும். இரண்டில் கோ-பேமென்ட் இருக்கிறது, ஒன்றில் இல்லை. ஒன்றில் வரி இருக்கிறது, இரண்டில் இல்லை. கோ-பேமென்ட்டும் ஒரு வகை வரிதானோ என்று அக்காவுக்கு ஒரு சந்தேகம்.

இல்லை. இரண்டும் வேறு வேறு சங்கதி. வரி என்பது அரசாங்கத்துக்குப் போகும் பணம். கோ-பேமென்ட் என்பது மொத்த பில்லில் காப்புறுதிக் கம்பெனி கட்டாமல் நம் தலையில் விடும் பங்கு. அது கடைக்கோ ஆஸ்பத்திரிக்கோ போகிறது, அரசாங்கத்துக்கு அல்ல. இந்த ஒன்றை மனதில் வைத்துக்கொண்டு முதலில் வரியைப் பார்ப்போம்.

இந்த நாட்டில் விற்பனை வரி எந்த இடத்தில் விழுகிறது என்பதைத் தோட்டத்துக்காரர்களுக்குச் சொல்லிப் புரியவைப்பது சுலபம். ரப்பர் காலத்தை நினைத்துப் பாருங்கள். பால் வெட்டியவர்கள் வாளியோடு பால் கொட்டகைக்கு வருவார்கள். அங்கே தராசில் நிறுப்பார்கள். மெட்ரோலேக் என்ற அளவுக் கருவியைப் பாலில் மிதக்கவிட்டு, அதில் காய்ந்த ரப்பர் எவ்வளவு என்று பார்ப்பார்கள். கிராணி நோட்டில் எழுதியதோடு கணக்கு முடிந்தது. அந்தப் பால் அப்புறம் ஷீட் ஆனதா, கிரேப் ஆனதா, டயர் ஆகி லாரியில் மாட்டப்பட்டு நம்ம ஊர் ரோட்டிலேயே திரும்ப ஓடியதா என்பதெல்லாம் வெட்டியவரின் கணக்கில் வராது. கொட்டகையில் ஒரே ஒரு நிறுவை.

மலேசியாவின் விற்பனை வரியும் அப்படி ஒரே நிறுவைதான். பொருள் உள்நாட்டில் செய்யப்பட்டால் தொழிற்சாலையை விட்டுக் கிளம்பும்போது, வெளிநாட்டிலிருந்து வந்தால் துறைமுகத்திலோ விமான நிலையத்திலோ சுங்கத்தைக் கடக்கும்போது, அந்த ஒரு தடவை விழும். பொருளைப் பொறுத்து 5 அல்லது 10 விழுக்காடு. சில பொருள்களுக்கு விலக்கு உண்டு. அதன் பிறகு மொத்த வியாபாரி, சில்லறைக் கடை, நாம் என்று எத்தனை கை மாறினாலும் வரி மறுபடி விழாது. வாங்கி விற்கும் கடைக்காரர் உங்களிடம் விற்பனை வரி வசூலிக்க வேண்டியவரே அல்ல. அதனால்தான் அக்காவின் பில்லில் அது இல்லை. வரியில் இல்லாத வரி.

சரி, அப்படியானால் எல்லாக் கடையிலும் ரசீதில் 6 விழுக்காடு என்று ஒன்று அச்சாகி வந்ததே, அது என்ன? அது ஜிஎஸ்டி. 2015 ஏப்ரல் 1இல் வந்தது. 2018 ஜூன் 1இல் அதைப் பூஜ்ய விழுக்காடு ஆக்கினார்கள். அந்த ஆண்டு செப்டம்பர் 1இல் பழைய விற்பனை வரியும் சேவை வரியும் எஸ்எஸ்டி என்ற பெயரில் திரும்பி வந்தன. எஸ்எஸ்டி என்று ஒரே மூச்சில் சொன்னாலும் அது இரண்டு தனிச் சட்டங்கள். பொருளுக்கு விற்பனை வரி, குறிப்பிட்ட சில சேவைகளுக்கு சேவை வரி. சேவை வரிதான் பில்லில் கண்ணுக்குத் தெரியும். ஹோட்டல் அறை, டெலிபோன், பெரிய உணவகம் இவற்றில் பார்த்திருப்பீர்கள். 2024 மார்ச் 1இலிருந்து அது பெரும்பாலானவற்றுக்கு 8 விழுக்காடு. சாப்பாடு, தொலைத்தொடர்பு மாதிரி சிலவற்றுக்கு மட்டும் 6இலேயே நிற்கிறது. கண்ணாடிக் கடையில் ஃபிரேமும் லென்ஸும் வாங்குவது சேவை வரிப் பட்டியலில் இல்லை.

ஜிஎஸ்டி என்பது ஒரே கொட்டகை அல்ல. ஒவ்வொரு கைமாற்றத்திலும் ஒரு நிறுவை. அக்காவின் ஃபிரேமையே எடுத்துக்கொள்வோம். கணக்குக்காக, அது துறைமுகத்தில் வந்து இறங்கும்போது 50 வெள்ளி என்றும், இறக்குமதியாளர் கடைக்கு 95க்குக் கொடுக்கிறார் என்றும், கடை 180க்கு விற்கிறது என்றும் வையுங்கள். இறக்குமதியில் 10 விழுக்காடு விற்பனை வரி விழுகிறது என்றால் அது 50இன் மேல் விழும், அதாவது 5 வெள்ளி. அதோடு முடிந்தது. அதே ஃபிரேமுக்கு 6 விழுக்காடு ஜிஎஸ்டி என்றால்? துறைமுகத்தில் 3 வெள்ளி. இறக்குமதியாளர் 95க்கு விற்கும்போது 5.70 வசூலித்து, தான் முன்பே கட்டிய 3ஐக் கழித்து 2.70 கட்டுவார். கடைக்காரர் 180க்கு விற்கும்போது 10.80 வசூலித்து, தான் கொடுத்த 5.70ஐக் கழித்து 5.10 கட்டுவார். மூன்றையும் கூட்டினால் 10.80. அது முழுக்க நம் பையிலிருந்து போனது.

அக்கா இந்த இடத்தில் என்னை நிறுத்தினார். "பத்து விழுக்காடுன்னா அஞ்சு வெள்ளி, ஆறு விழுக்காடுன்னா பத்து வெள்ளி எம்பது காசா? என்னப்பா கணக்கு இது?"

விழுக்காடு எவ்வளவு என்பது பாதிக் கேள்விதான். எதன் மேல் விழுக்காடு என்பது மீதிப் பாதி. தோட்டத்தில் சம்பள நாளில் சண்டை வருவதெல்லாம் இந்த இரண்டாவது பாதியில்தான். ஆனால் ஒன்று, அந்த 5 வெள்ளி நமக்கு உண்மையிலேயே 5 வெள்ளியாகத்தான் வந்து சேருகிறதா என்றால் அதுவும் சந்தேகம்தான். வியாபாரிக்கு அந்தச் சரக்கு 50 அல்ல, 55. அவர் லாபம் வைப்பது 55இன் மேல். வரியின் மேலும் கொஞ்சம் லாபம் ஒட்டிக்கொள்ளும். எவ்வளவு ஒட்டியது என்று எந்த பில்லும் சொல்லாது.

இன்னொரு சின்ன விஷயம். நாம் 'கண்ணாடி' என்று ஒரே பொருளாகச் சொல்வது சுங்கத்தின் கணக்கில் ஒரே பொருள் இல்லை. உலக நாடுகள் சரக்கைப் பிரிக்கப் பயன்படுத்தும் அட்டவணையில் 90ஆம் அத்தியாயம் இவற்றுக்கு. அதில் லென்ஸ் 9001இல் வரும். வெறும் ஃபிரேம் 9003. ஃபிரேமும் லென்ஸும் சேர்ந்த முழுக் கண்ணாடி, கூலிங் கிளாஸ் உட்பட, 9004. கண்ணுக்குள் வைக்கும் கான்டாக்ட் லென்ஸுக்கு 9001க்குள்ளேயே தனிக் கிளை எண். எதற்கு வரி, எவ்வளவு, எதற்கு விலக்கு என்பதை இந்த எண்ணை வைத்துத்தான் பார்ப்பார்கள். அக்கா மூக்கில் மாட்டப்போகும் ஒரே கண்ணாடி இரண்டு எண்களில் இரண்டு பெட்டிகளில் வந்திருக்கும்.

இப்போது என் சொந்தக் கதை ஒன்று. 2018 அக்டோபரில் எனக்கு வெள்ளெழுத்து வந்து, பேப்பரைக் கை நீட்டித் தூரத்தில் பிடித்துப் படிக்க ஆரம்பித்திருந்தேன். ஒரு கடையில் கண்ணாடி போட்டேன். எந்தக் கடை என்பது இப்போது வேண்டாம். 300 வெள்ளி பேசியது, பில்லில் 318 வந்தது. 'எஸ்எஸ்டி 6%' என்று மிஷினே அச்சடித்துக் கொடுத்தது. நானும் கிராணி, கணக்குப் பார்க்கத் தெரிந்தவன், ஆனால் அச்சில் வந்ததைப் பார்த்ததும் வாய் திறக்காமல் கட்டிவிட்டு வந்தேன். பிறகு யோசித்தால் புரிகிறது: ஜிஎஸ்டிக்காக மிஷினில் போட்டு வைத்திருந்த 6ஐ எடுக்காமல், பெயரை மட்டும் மாற்றிவிட்டிருக்கிறார்கள். வேண்டுமென்றே செய்தார்களா, தெரியாமல் செய்தார்களா, அது அவர்களுக்குத்தான் வெளிச்சம். எப்படியோ, பதிவு பெறாத ஒருவர் வரி என்று சொல்லிப் பணம் வாங்குவது குற்றம்.

இப்படி ஒரு பில் உங்கள் கைக்கு வந்தால் கடையிலேயே, பணம் கட்டும் முன்பே, "உங்க எஸ்எஸ்டி பதிவு எண் என்ன?" என்று கேளுங்கள். கோபப்பட வேண்டியதில்லை. வரி வசூலிக்க உரிமை உள்ளவருக்குப் பதிவு எண் இருக்கும், சுங்கத் துறையின் மைஎஸ்எஸ்டி தளத்தில் அந்தப் பதிவைத் தேடிப் பார்க்கலாம். அப்படியும் சரிவராவிட்டால் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம் இருக்கிறது. 50,000 வெள்ளி வரையிலான வழக்குகளை எடுக்கும். வக்கீல் தேவையில்லை, மனுவுக்கு 5 வெள்ளி. 18 வெள்ளிக்காக யார் நடப்பது என்று கேட்பீர்கள். நானும் அப்படித்தான் நினைத்தேன்.

விற்பனை வரி நம் கண்ணுக்கு முன்னால் வந்து நிற்கும் இடம் ஒன்று இருக்கிறது. அது ஆன்லைன். வெளிநாட்டிலிருந்து நேராக வீட்டுக்கு வரும் 500 வெள்ளிக்கு மேற்படாத பொருளுக்கு 2024 ஜனவரி 1 முதல் 10 விழுக்காடு விற்பனை வரி. குறைந்த மதிப்புப் பொருள் வரி என்பது இதுதான். வெளிநாட்டு விற்பனையாளரோ ஆன்லைன் தளமோ பதிவு செய்துகொண்டு, நாம் பணம் கட்டும்போதே சேர்த்து வாங்கிவிடுவார்கள். அதற்கு முன்னால் அந்த மாதிரிச் சின்னப் பார்சல்கள் விமானத்தில் வரியில்லாமல் வந்துகொண்டிருந்தன. உள்ளூர்க் கடைக்காரர் துறைமுகத்தில் வரி கட்டி வாங்கி வைத்திருப்பார், அதே சாமான் பார்சலில் வரியில்லாமல் வரும். அந்த மேடு பள்ளத்தைச் சமப்படுத்தத்தான் இது. அக்காவின் பேத்தி பவர் நம்பரைத் தட்டிவிட்டு வெளிநாட்டிலிருந்து 180 வெள்ளிக்கு ஒரு கண்ணாடி வரவழைத்தால் திரையில் 198 என்று காட்டும். இங்கே வரிக்குத் தனி வரி உண்டு. (பவர் நம்பரோடு இரண்டு கருவிழிக்கும் நடுவே உள்ள தூரத்தையும் சரியாகக் கொடுக்காவிட்டால் புரோகிரசிவ் லென்ஸ் தலைவலியைத்தான் கொடுக்கும். எண்ணூறு மீட்டரில் கடை இருக்கும்போது எண்ணாயிரம் கிலோமீட்டர் தள்ளி ஏன் அளவெடுக்க வேண்டும் என்பது என் கட்சி.)

இப்போது ஹூஸ்டன் பில். அமெரிக்காவில் விற்பனை வரி நம் ஊர் மாதிரி கொட்டகையில் விழுவதில்லை. கடைசியில், கடைக் கல்லாவில், வாங்குகிறவர் தலையில் விழும். நாடு முழுக்க ஒரே விகிதமும் இல்லை. ஒவ்வொரு மாநிலமும் தனக்கென்று வைக்கும், அதன் மேல் ஊர்க்காரர்களும் கொஞ்சம் வைப்பார்கள். டெக்சாஸில் மாநிலத்துக்கு 6.25, ஊருக்கு 2 வரை. ஹூஸ்டனில் சேர்த்து 8.25 விழுக்காடு. ஓரிகன், மொன்டானா, டெலவேர், நியூ ஹாம்ப்ஷர், அலாஸ்கா ஆகிய ஐந்தில் மாநில விற்பனை வரியே கிடையாது.

அந்த ஹூஸ்டன் தம்பியின் பில்லைப் பார்த்தால், பவர் கண்ணாடிக்கு ஃபிரேம் 210 டாலர். அவருடைய கண் காப்புறுதி ஃபிரேமுக்கு 150 வரை கொடுக்கும், மிச்சம் 60 அவர் பொறுப்பு. லென்ஸ் முழுவதையும் திட்டம் பார்த்துக்கொள்ளும், ஆனால் கண்ணாடி வாங்கும் ஒவ்வொரு தடவையும் 25 டாலர் கோ-பேமென்ட் வைக்க வேண்டும். ஆக, 85 டாலர். இதற்கு வரி பூஜ்யம். கூடவே 80 டாலருக்கு ஒரு சாதா கூலிங் கிளாஸ் வாங்கியிருக்கிறார். அதற்கு 8.25 விழுக்காடு, 6 டாலர் 60 காசு. மொத்தம் 171.60.

பவர் கண்ணாடிக்கு இல்லாத வரி கூலிங் கிளாஸுக்கு ஏன்? டெக்சாஸ் சட்டத்தில், மருத்துவரோ கண் நிபுணரோ எழுதிக் கொடுத்த பார்வைத் திருத்த லென்ஸ் ஊன்றுகோல், செயற்கைக் கால் மாதிரி ஓர் உதவிக் கருவி. உடம்பில் குறைந்துபோனதை அது ஈடு செய்கிறது. வெயிலுக்குப் போடுவது அப்படி இல்லை, அது சட்டை, தொப்பி ரகம். பிரிக்கும் கோடு அந்தச் சீட்டுதான். அங்கே கண்ணைச் சோதித்தவர் அளவுச் சீட்டின் பிரதியை, காசு வாங்காமல், கேட்காமலே கையில் கொடுத்துவிட வேண்டும் என்பது 1978இலிருந்து நடுவண் அரசின் விதி. அந்தச் சீட்டை எடுத்துக்கொண்டு எந்தக் கடைக்கும் போகலாம். நமக்கு இந்தப் பழக்கம் குறைவு. நாம் நேரே கடைக்குப் போகிறோம், அங்கேயே இருக்கும் ஆப்டோமெட்ரிஸ்ட் எழுத்துப் பலகையைக் காட்டிச் சோதிக்கிறார், அங்கேயே ஃபிரேம் பார்க்கிறோம். சோதித்துக் கண்ணாடி போட்டுக்கொடுப்பவர் பதிவு பெற்றவராக இருக்க வேண்டும் என்று 1991ஆம் ஆண்டு ஆப்டிகல் சட்டம் சொல்கிறது. ஆனால் அளவுச் சீட்டைக் கேட்டு வாங்கி வைத்துக்கொள்பவர் நம்மில் அபூர்வம்.

எல்லா மாநிலமும் டெக்சாஸ் மாதிரியும் இல்லை. இல்லினாயில் மருந்துக்கும் மருத்துவக் கருவிக்கும் உள்ள 1 விழுக்காடு சலுகை விகிதம்தான் பவர் கண்ணாடிக்கும். கலிபோர்னியா கதைதான் எனக்குப் பிடித்தது. அங்கே சீட்டுப்படி கண்ணாடி போட்டுக்கொடுக்கும் பதிவு பெற்ற கடைக்காரரைச் சட்டம் விற்பவராகப் பார்ப்பதில்லை, அந்த லென்ஸையும் ஃபிரேமையும் பயன்படுத்துபவராகப் பார்க்கிறது. அவர் மொத்த வியாபாரியிடம் வாங்கும்போதே வரி கட்டிவிடுகிறார். நோயாளியின் பில்லில் வரி என்று எதுவும் வராது.

இப்போது மூன்று ஊர்க் கண்ணாடி பில்லையும் ஒன்றாக வைத்துப் பாருங்கள். டெக்சாஸ் பில்லில் பவர் கண்ணாடிக்கு வரி இல்லை. கலிபோர்னியா பில்லிலும் இல்லை. சுங்கை சிப்புட் பில்லிலும் இல்லை. பார்வைக்கு மூன்றும் ஒரே பூஜ்யம். ஆனால் டெக்சாஸ் பூஜ்யம், வேண்டாம் என்று விட்டுக்கொடுத்த பூஜ்யம். கலிபோர்னியா பூஜ்யம், நமக்கு முன்னால் யாரோ கட்டிவிட்ட பூஜ்யம். நம் ஊரில் வரி இருந்தால் அது கடைக்குச் சரக்கு வரும் முன்பே முடிந்திருக்கும், விலக்கு என்றால் எந்த இடத்திலும் விழுந்திருக்காது, எதுவானாலும் பில் ஒரே மாதிரிதான் இருக்கும். பில்லில் காணோம் என்பதால் மட்டும் வரி இல்லை என்று சொல்லிவிட முடியாது.

கோ-பேமென்ட்டுக்கு வருவோம். தம்பி கட்டிய 25 டாலர் ஒரு நிலையான தொகை. கண்ணாடி நூறு டாலரானாலும் ஐந்நூறானாலும் 25தான். அக்கா மகன் கார்டில் இருப்பது விழுக்காடு. பெயர் ஒன்று, குணம் வேறு.

நம் நாட்டு மத்திய வங்கியான பேங்க் நெகாரா ஒரு விதி கொண்டுவந்தது. 2024 செப்டம்பர் 1 முதல் மருத்துவக் காப்புறுதி விற்கும் கம்பெனிகள் கோ-பேமென்ட் உள்ள திட்டம் ஒன்றையாவது வாடிக்கையாளருக்குக் காட்டியாக வேண்டும். அது இரண்டு வகை. ஒன்று, பில்லில் குறைந்தது 5 விழுக்காடு நாம் கட்டுவது. இன்னொன்று, முதல் 500 வெள்ளியோ அதற்கு மேலோ நாம் கட்டுவது. சந்தா குறைவாக இருக்கும் என்பது இதன் ஆசை காட்டல். மகன் எடுத்தது 5 விழுக்காடு வகை. கண்புரை ஆபரேஷனுக்கு 8,000 வெள்ளி பில் வருகிறது, பாலிசி அதை ஏற்கிறது என்று வையுங்கள். 5 விழுக்காடு என்றால் 400 அவருடையது. முதல் 500 வகையாக இருந்திருந்தால் 500. சரி, இதில் 5 விழுக்காடு லாபம். ஆனால் பில் 20,000 ஆனால் 5 விழுக்காடு 1,000 ஆகிவிடும், மற்றது அதே 500இல் நிற்கும். 10,000 வெள்ளியில் இரண்டும் சமம். அதற்குக் கீழே ஒன்று நல்லது, மேலே மற்றது நல்லது. நாம் கட்டும் அந்த 5 விழுக்காட்டுக்கு உச்சவரம்பு எவ்வளவு என்று முகவரைக் கேட்டு எழுத்தில் வாங்கிக்கொள்ளச் சொன்னேன். அவசரச் சிகிச்சைக்கும், அரசாங்க ஆஸ்பத்திரிச் சிகிச்சைக்கும், கடும் நோய்க்கான தொடர் வெளிநோயாளிச் சிகிச்சைக்கும் இந்தக் கோ-பேமென்ட் கிடையாது.

"அப்ப கண்ணாடிக்கும் அஞ்சு விழுக்காடு நாம, மீதி கம்பெனியா?" அக்கா கண்ணில் ஒரு வெளிச்சம்.

அதை அணைக்க எனக்கே மனசில்லை. மெடிக்கல் கார்டு புத்தகத்தின் பின்பக்கம், பொடி எழுத்தில், விலக்குகள் என்று ஒரு பட்டியல் இருக்கும். கண் சோதனை, மூக்குக் கண்ணாடி, கிட்டப்பார்வையைச் சரிசெய்யும் லேசிக் இவையெல்லாம் அதில் ஒரே வாக்கியத்தில் வரிசையாக நிற்கும். நம் நாட்டு மெடிக்கல் கார்டுகளில் இது வழக்கமான வாசகம். கண்ணாடியே இல்லாத இடத்தில் அதற்குக் கோ-பேமென்ட் எங்கிருந்து வரும்? விலக்குப் பட்டியலைப் படிக்கவே வெள்ளெழுத்துக் கண்ணாடி தேவைப்படுகிறது என்பதுதான் இதில் கொடுமை.

கண்ணாடிக்கு உதவி வருவதென்றால் அது வேறு வாசல் வழியாக வரும். பினாங்கு, ஈப்போ பக்கத் தொழிற்சாலைகளில் சில இடங்களில் ஊழியருக்கு வருடத்துக்கு இவ்வளவு என்று கண்ணாடிப் பணம் வைத்திருப்பார்கள். 300 வெள்ளி என்று வையுங்கள். 450க்குக் கண்ணாடி வாங்கி ரசீதைக் கொடுத்தால் 300 வரும், 150 நம் கை. இதற்குப் பெயர் கோ-பேமென்ட் இல்லை, உச்சவரம்பு. தம்பியின் ஃபிரேமுக்கு 150 டாலர் வரை என்றார்களே, அதே வகை. கோ-பேமென்ட்டில் கீழ்ப்பகுதியை நாம் கட்டுகிறோம், உச்சவரம்பில் மேல்பகுதியை. தம்பி பாவம், இரண்டு பக்கமும் கட்டியிருக்கிறார்.

இந்த இடத்தில் வரி மறுபடி எட்டிப் பார்க்கும். கடைக்காரர் கொடுக்கும் தள்ளுபடி வேறு, காப்புறுதி கொடுக்கும் பணம் வேறு. அக்காவுக்குக் கடை 50 வெள்ளி குறைத்தது. அந்த 50 யாரும் யாருக்கும் கொடுக்காத பணம், விலையே 450 ஆகிவிட்டது. ஆனால் காப்புறுதி 150 கொடுத்தால் விலை குறையவில்லை, வேறொரு பையிலிருந்து வந்தது, அவ்வளவுதான். கடைக்கு முழு விலையும் வந்து சேர்கிறது. ஆகவே கல்லாவில் வரி விழும் ஊர்களில், வரி உள்ள பொருளாக இருந்தால், பொதுவாக முழு விலையின் மேல்தான் கணக்குப் போடுவார்கள், நாம் கையிலிருந்து கொடுத்த பங்கின் மேல் மட்டும் அல்ல. 5 விழுக்காடு வரி உள்ள இடத்தில் 300க்குப் பொருள் வாங்கி, 25 மட்டும் கொடுத்தவரிடம் 15 வரி கேட்டால் அவருக்கு வயிறு எரியும். கணக்கு சரிதான்.

சந்தாவிலும் ஒரு வரி உண்டு. கம்பெனி தன் ஊழியர்களுக்காக மொத்தமாக எடுக்கும் மருத்துவக் காப்புறுதியின் சந்தாவுக்கு 8 விழுக்காடு சேவை வரி விழும், அதைக் கம்பெனி கட்டும். மகன் தன் பெயரில் தானே எடுத்த கார்டுக்கு அது இல்லை.

வருமான வரியில் கழிக்கலாமா என்று அடுத்த வீட்டுப் பையன் வேலிக்கு அந்தப் பக்கமிருந்து குரல் கொடுத்தான். ஊனமுற்றோருக்கான உதவிக் கருவிக்கு 6,000 வெள்ளி வரை கழிவு உண்டு. சக்கர நாற்காலி, செயற்கைக் கால், காது கேட்கும் கருவி எல்லாம் அதில் வரும். மூக்குக் கண்ணாடியும் லென்ஸும் சேராது என்று வருமான வரி வாரியம் தன் விளக்கக் குறிப்பிலேயே எழுதி வைத்திருக்கிறது. டெக்சாஸில் ஊன்றுகோலோடு சேர்ந்து நிற்கும் கண்ணாடி, இங்கே சக்கர நாற்காலிப் பட்டியலிலிருந்து பெயர் சொல்லி வெளியேற்றப்படுகிறது. காப்புறுதிச் சந்தாவுக்குத் தனிக் கழிவு இருக்கிறது. மருத்துவத்துக்கும் கல்விக்கும் சேர்த்து 2025 கணக்காண்டிலிருந்து 4,000 வெள்ளி.

இதையெல்லாம் விட மலிவான வழி ஒன்றும் இருக்கிறது. கண்ணில் புரையா, சர்க்கரையால் வந்த மங்கலா என்ற சந்தேகம் இருந்தால் முதலில் அரசாங்கக் கிளினிக்குக்குப் போய், அங்கிருந்து ஈப்போ ராஜா பெர்மாய்சூரி பைனூன் ஆஸ்பத்திரியின் கண் பிரிவுக்குக் கடிதம் வாங்கலாம். குடிமக்களுக்கு வெளிநோயாளிக் கட்டணம் 1 வெள்ளி, நிபுணரிடம் 5 வெள்ளி. காத்திருக்கத்தான் பொறுமை வேண்டும். அக்காவுக்குச் சர்க்கரை உண்டு. கடையில் பவர் பார்த்தது பவரை மட்டும்தான், விழித்திரையை அல்ல என்று சொன்னேன். அதை அவர் வரிக்கணக்கை விடக் கவனமாகக் கேட்டார்.

மூன்று காகிதத்தையும் மடித்து முந்தானையில் வைத்துக்கொண்டார்.

"அப்ப வியாழக்கிழமை எரநூத்தம்பது மட்டும் குடுத்தாப் போதும். அவ்வளவுதானே?"

"அவ்வளவுதான்க்கா. மேல கேட்டா எங்கிட்ட வாங்க."

எழுந்தவர் வாசல்படியில் நின்றார். "அது சரி, உன் பதினெட்டு வெள்ளிய நீ திரும்பி வாங்கினியா?"

உள்ளே போய் அலமாரி இழுப்பறையிலிருந்து அந்த ரசீதை எடுத்து வந்து காட்டினேன். பத்திரமாகப் பிளாஸ்டிக் உறையில்தான் வைத்திருந்தேன். சூட்டில் அச்சாகும் காகிதம். எழுத்தெல்லாம் மங்கி மறைந்து, கடையின் பெயர் கூட இல்லாமல், பளிச்சென்று வெள்ளையாக இருந்தது. அக்கா அதை முன்னும் பின்னும் திருப்பிப் பார்த்தார். பிறகு ஒன்றும் சொல்லாமல் முந்தானையிலிருந்து தன் பில்லை வெளியே எடுத்து, என் மேசை மேல் நீவி வைத்து, போனில் ஒரு படம் எடுத்துக்கொண்டார்.